நமக்கு இனிக்கும் செய்தியை யார் விசாரிப்பது?

நபித்தோழர் அபூ அய்யூப் அல்அன்ஸாரீ (ரலி) அவர்கள் தமது முதிய வயதில் மதீனாவிலிருந்து எகிப்து வரை ஒரு பயணம் மேற்கொண்டார்கள். வணிகத்துக்காகவும் அல்ல, உறவினரைக் காணவும் அல்ல. ஒரே ஒரு ஹதீஸுக்காக. அந்த ஹதீஸை அவர்கள் அறியாதவர்களும் அல்லர். இறைத்தூதர் (ஸல்) அவர்களிடமிருந்து தாமே நேரடியாகக் கேட்டிருந்தார்கள். ஆயினும், அதைக் கேட்டவர்களில் தம்மையும் எகிப்தில் வாழ்ந்த உக்பா இப்னு ஆமிர் (ரலி) அவர்களையும் தவிர வேறெவரும் எஞ்சியிருக்கவில்லை என்ற நிலையில், தம் நினைவில் உள்ளதை அவரிடம் ஒப்பிட்டுப் பார்க்க விரும்பினார்கள்.

எகிப்தின் ஆளுநர் மஸ்லமா இப்னு முகல்லத் அவர்களின் இல்லத்துக்கு முதலில் சென்றார்கள். அங்கே விருந்துக்கு அமரவில்லை. உக்பாவின் வீட்டுக்கு வழிகாட்ட ஓர் ஆள் வேண்டும் என்று மட்டும் கேட்டார்கள். உக்பாவைச் சந்தித்தார்கள், ஹதீஸைக் கேட்டார்கள், தம் நினைவோடு அது ஒத்திருந்தது. உடனே வாகனத்தில் ஏறி மதீனாவை நோக்கித் திரும்பிவிட்டார்கள். ஆளுநர் பின்னால் கொடுத்தனுப்பிய அன்பளிப்பு, எகிப்தின் எல்லைப் பகுதியான அரீஷில்தான் அவர்களை எட்டிப் பிடித்தது என்று ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது.

அந்த ஹதீஸ் எதைப் பற்றியது தெரியுமா? ஓர் இறைநம்பிக்கையாளரின் குறையை மறைப்பவருக்கு மறுமையில் கிடைக்கும் பேற்றைப் பற்றியது. பிறர் குறையை ஒரு விரல் அசைவில் ஊர் முழுக்க அனுப்பிவிடும் இக்காலத்தில், பிறர் குறையை மறைக்கச் சொல்லும் ஒரு செய்தியைச் சரிபார்க்க ஒருவர் பாலைவனத்தைக் கடந்தார் என்பதை வாசகர்கள் சற்றே நின்று எண்ணிப் பார்க்கலாம்.

நாம் பாடம் நடத்தும் மதரஸாவில், வியாழக்கிழமை அஸருக்குப் பின் மூத்த மாணவர்களுக்கு நடப்புச் செய்தி வகுப்பு ஒன்று நடைபெறுகிறது. அதன் முதல் பாடமாக நாம் சொல்வது இந்தப் பயணத்தைத்தான். மாணவர்கள் பதினைந்து முதல் பதினெட்டு வயதுடையவர்கள். உஸ்தாத் வகுப்புக்குள் நுழைவதற்கு முன்பே உலகச் செய்திகள் அவர்களிடம் வந்து சேர்ந்துவிடுகின்றன. காஸா, மணிப்பூர், வக்ஃபு சட்டம், அடுத்த ஊரில் நடந்த கைகலப்பு என எல்லாமே ஒரே திரையில், ஒரே உரத்த குரலில் வருகின்றன. அவர்களுக்குச் செய்தியைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய தேவை நமக்கு இல்லை. வந்துசேர்ந்த செய்தியிடம் எப்படிக் கேள்வி கேட்பது என்பதே பாடம்.

இதற்கு மதரஸாவில் என்ன வேலை என்று கேட்போர் உண்டு. இந்தியத் துணைக்கண்டத்து மதரஸாக்களில் பெரும்பாலானவை பின்பற்றும் தர்ஸே நிஜாமி பாடத்திட்டம், 18ஆம் நூற்றாண்டில் லக்னோவின் ஃபரங்கி மஹல்லைச் சேர்ந்த முல்லா நிஜாமுத்தீன் (ரஹ்) அவர்களின் பெயரால் வழங்குவது. இலக்கணம், தர்க்கம், ஃபிக்ஹு, உஸூல் ஆகியவற்றுக்கு அதில் விரிந்த இடம் உண்டு. நடப்புச் செய்தி தனிப் பாடமாக அதில் இடம்பெறவில்லை என்பது உண்மையே. ஆனால் பாடத்திட்டத்தில் இல்லாதது சமூகத்தில் இல்லாமல் போய்விடவில்லை.

1882ஆம் ஆண்டு டிசம்பரில், இலங்கையின் கண்டியிலிருந்து அறிஞர் சித்திலெவ்வை (ரஹ்) அவர்கள் ‘முஸ்லிம் நேசன்’ என்ற தமிழ் வார இதழைத் தொடங்கினார்கள். அந்த ஆண்டைக் கவனியுங்கள். அதே 1882இன் ஜூலையில் ஆங்கிலேயப் போர்க்கப்பல்கள் அலெக்சாந்திரியா துறைமுகத்தின் மீது குண்டு பொழிந்தன; செப்டம்பரில் தல்லுல் கபீர் போரில் எகிப்தியப் படை தோற்றது; படைத்தலைவர் அஹ்மத் உராபி பாஷாவுக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனை நாடுகடத்தலாக மாற்றப்பட்டது. 1883 ஜனவரியில் அவரும் தோழர்களும் கொழும்புக்கு வந்திறங்கினர். அதுவரை ஆங்கில ஏடுகளில் ‘கலகக்காரர்’ என்று வாசிக்கப்பட்ட ஒருவர், இலங்கைத் தமிழ் முஸ்லிம்களின் கண்முன்னே தொழுகை வரிசையில் நின்றார். 1901 வரை அத்தீவில் வாழ்ந்த அவர், அங்குள்ள முஸ்லிம்களின் கல்வி முயற்சிகளுக்கு ஊக்கமளித்தார். 1892இல் கொழும்பில் தோன்றிய ஸாஹிராக் கல்விக்கூடத்தின் வரலாறு அவர் பெயரின்றி எழுதப்படுவதில்லை.

வகுப்பில் மாணவர்களை இரு குழுக்களாகப் பிரித்து உராபி பாஷாவைத் தேடச் சொல்கிறோம். ஒரு குழு அக்கால ஆங்கில ஏடுகளின் இணையத் தொகுப்புகளுக்குச் செல்கிறது. மற்றொரு குழு எகிப்திய, இலங்கை எழுத்துகளை நாடுகிறது. முதல் குழு கொண்டுவருவது ஒரு ‘கலகக்காரரை’. இரண்டாம் குழு கொண்டுவருவது ஒரு ‘தேசத் தலைவரை’. நாளும் ஊரும் போரும் இரு பக்கத்திலும் ஒன்றுதான். பெயர்ச்சொல் ஒன்றுதான் மாறியிருக்கிறது. அதன் பிறகு அன்றைய செய்தித்தாளைப் பிரித்து, அதில் எந்தப் பெயர்ச்சொற்கள் இவ்வாறு நிற்கின்றன என்று கேட்டால், நாம் மேற்கொண்டு விளக்க வேண்டியிருப்பதில்லை.

இணையத் தேடலைப் பாடமுறையாக்கும் முயற்சிக்கு உலகில் ஏறத்தாழ முப்பதாண்டு வயதாகிறது. 1995இல் அமெரிக்காவின் சான் டியாகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பெர்னி டாட்ஜ் என்ற பேராசிரியர், டாம் மார்ச் என்பவருடன் இணைந்து ‘வெப்குவெஸ்ட்’ என்ற முறையை வடிவமைத்தார். மாணவருக்கு ஒரு வினாவும், தேடவேண்டிய தளங்களின் பட்டியலும் கொடுக்கப்படும். கிடைத்த தகவல்களை வைத்து மாணவர் ஒரு முடிவுக்கு வரவேண்டும். நல்ல முறைதான். ஆனால் அதில் தளங்களைத் தேர்ந்து தருபவர் ஆசிரியர். இன்று எந்த ஆசிரியரின் பட்டியலுக்கும் செய்திகள் காத்திருப்பதில்லை. வந்த செய்தியை யார் அனுப்பினார் என்பதே பலவேளைகளில் தெரிவதில்லை.

இந்த இடத்தில் முஹத்திஸ்களின் கலை கைகொடுக்கிறது. தீயவர் ஒருவர் செய்தியைக் கொண்டுவந்தால் அதைத் தீர விசாரிக்குமாறு ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் கட்டளையிடுவதை நம்மில் அறியாதவர் இல்லை. மேடைகளில் அடிக்கடி ஓதப்படும் வசனம் அது. அந்தக் கட்டளையை ஒரு முழுக் கலையாக வளர்த்தெடுத்தவர்களின் உழைப்பு அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. ஓர் அறிவிப்பாளர் தம்மைப் பற்றித் தாமே கூறிக்கொள்வதை வைத்து முஹத்திஸ்கள் அவரை எடைபோடவில்லை. அவரை அறிந்த பிறரிடம் கேட்டார்கள். எப்போது பிறந்தார், யாரிடம் கற்றார், அந்த ஆசிரியர் வாழ்ந்த ஊருக்கு இவர் எப்போதாவது சென்றாரா, முதுமையில் நினைவு தடுமாறியதா என்றெல்லாம் பதிவு செய்தார்கள். நடுவிலிருந்த ஒருவரை மறைத்து, மேலே உள்ளவரிடம் நேரடியாகக் கேட்டதுபோல் தோன்றச் செய்வதற்குத் ‘தத்லீஸ்’ என்று தனிப்பெயரே இட்டார்கள். முன்னும் பின்னும் வெட்டப்பட்டு நடுப்பகுதி மட்டும் சுற்றுக்கு வரும் காணொளியை மாணவர்களிடம் காட்டி, இதற்கு நம் கலையில் என்ன பெயர் என்று கேட்டபோது, பின்வரிசையில் இருந்த ஒருவர் தயங்காமல் ‘தத்லீஸ்’ என்றார். இரண்டும் முற்றிலும் ஒன்றல்ல. ஆனாலும் அந்த விடை நமக்குப் பிடித்திருந்தது.

2017இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ ஆகிய இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றாளர்கள் 10 பேர், செய்திகளைச் சரிபார்ப்பதைத் தொழிலாகக் கொண்டவர்கள் 10 பேர், அப்பல்கலைக்கழக மாணவர்கள் 25 பேர் ஆகியோரை அமரச்செய்து, சில இணையதளங்களை மதிப்பிடச் சொன்னார்கள். வரலாற்றாளர்களும் மாணவர்களும் பலவேளைகளில் அந்தத் தளத்துக்குள்ளேயே தங்கி, அதன் முத்திரையையும் முகவரியையும் சீரான தோற்றத்தையும் கண்டு ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்களோ தளத்தை ஒரு பார்வை பார்த்தவுடன் அதைவிட்டு வெளியேறி, இந்தத் தளத்தைப் பற்றிப் பிறர் என்ன சொல்கிறார்கள் என்று வேறு பக்கங்களைத் திறந்தார்கள். விரைவாகவும் சரியாகவும் முடிவுக்கு வந்தார்கள். ‘ஜர்ஹ் தஃதீல்’ ஓதிய எந்த மாணவருக்கும் இது புதுமையாக இராது. ஆளைப் பற்றி அவரிடமே கேட்காதே, அவரை அறிந்தவரிடம் கேள் என்பதுதானே அது.

இதுவரை சொன்னவை எளியவை. கடினமான பகுதி இனிமேல்தான்.

ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் மர்வு நகரத்தில் நூஹ் இப்னு அபீ மர்யம் என்றொருவர் இருந்தார். நீதிபதிப் பொறுப்பு வகித்தவர். பல கலைகளைக் கற்றதால் ‘அல்ஜாமிஉ’, அதாவது அனைத்தையும் திரட்டியவர் என்று பெயர் பெற்றவர். குர்ஆனின் ஒவ்வோர் அத்தியாயத்தின் சிறப்பைப் பற்றியும் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழியாக வந்ததாகப் பல ஹதீஸ்களை அவர் அறிவித்தார். இவை உமக்கு எங்கிருந்து கிடைத்தன என்று கேட்கப்பட்டபோது, மக்கள் குர்ஆனை விட்டுவிட்டு அபூஹனீஃபாவின் ஃபிக்ஹிலும் இப்னு இஸ்ஹாக்கின் போர் வரலாறுகளிலும் மூழ்கிக் கிடந்ததைக் கண்டு, நன்மையை நாடித் தாமே புனைந்ததாக ஒப்புக்கொண்டார் என்று பதிவாகியுள்ளது.

எண்ணிப் பாருங்கள். அவர் குர்ஆனுக்கு எதிராகப் பொய் சொல்லவில்லை. குர்ஆனுக்காகப் பொய் சொன்னார். அந்த ஹதீஸ்களைக் கேட்டவர்கள் கூடுதலாக ஓதியிருப்பார்கள். சிலர் அழுதும் இருப்பார்கள். ஆயினும் முஹத்திஸ்கள் அவரை விடவில்லை. அனைத்தையும் திரட்டிய இவர் உண்மையை மட்டும் திரட்டவில்லை என்ற கசப்பான எள்ளலோடு அவர் பெயர் ஏடுகளில் நிலைத்துவிட்டது. அத்தியாயச் சிறப்புகளைப் பற்றிய இவ்வகை அறிவிப்புகள் சில, பெயர்பெற்ற தஃப்ஸீர்களுக்குள்ளும் புகுந்தன; அறிஞர்கள் அங்கும் சென்று அவற்றைச் சுட்டிக்காட்டினார்கள். மார்க்கத்தை வெறுத்தவர்களின் புனைவுகளைவிட, பக்தியில் சிறந்தவர்களாகக் கருதப்பட்டோரின் புனைவுகள் ஆபத்தானவை என்று உஸூலுல் ஹதீஸ் நூல்களில் எழுதி வைத்தார்கள். பகைவரின் பொய்யை மக்கள் ஐயத்தோடு கேட்பார்கள். நல்லவரின் பொய்யை ஆமீன் சொல்லிக் கேட்பார்கள்.

ஆவணங்களிலும் இதே கண்டிப்பைக் காண்கிறோம். ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில், கைபரில் வாழ்ந்த யூதர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் ஜிஸ்யா வரியிலிருந்து விலக்களித்ததாகக் கூறும் ஏடு ஒன்று பக்தாதில் அப்பாஸிய அமைச்சரிடம் கொண்டுவரப்பட்டது. சாட்சிகளாக நபித்தோழர்களின் பெயர்கள் அதில் இருந்தன. அமைச்சர் அதைக் கதீப் அல்பக்தாதீ (ரஹ்) அவர்களிடம் காட்டினார். கதீப் பார்த்துவிட்டு, இது பொய்யான ஏடு என்றார்கள். காரணம் கேட்டபோது அவர்கள் மையையோ தாளையோ சுட்டவில்லை. சாட்சிகளில் ஒருவர் முஆவியா (ரலி). அவர் இஸ்லாத்தைத் தழுவியது ஹிஜ்ரி 8இல், மக்கா வெற்றியின்போது. கைபர் வெற்றியோ ஹிஜ்ரி 7இல். மற்றொரு சாட்சி ஸஅத் இப்னு முஆத் (ரலி); அவர் அகழ்ப்போரில் பட்ட காயத்தால் ஹிஜ்ரி 5இலேயே இறந்துவிட்டார். இன்னும் இஸ்லாத்தை ஏற்காத ஒருவரும், ஏற்கெனவே மண்ணறையில் இருந்த ஒருவரும் எப்படி அங்கே சாட்சி நின்றார்கள்?

ஐரோப்பாவில் இத்தாலிய அறிஞர் லோரென்சோ வல்லா, போப்பின் ஆட்சியுரிமைக்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட ‘கான்ஸ்டன்டைனின் கொடை’ என்ற ஏட்டை அதன் மொழிநடையைக் கொண்டே பொய்யென நிறுவியது 1440இல். கதீப் (ரஹ்) அவர்கள் இறந்தது 1071இல். யார் முந்தினார் என்று பெருமை பேச இதை நாம் குறிப்பிடவில்லை. நாளைக் கேள், பெயரைக் கேள், இரண்டும் ஒட்டுகின்றனவா பார் என்ற முறை எந்தக் கையிலும் ஒரே மாதிரி வேலை செய்கிறது என்பதற்காகவே குறிப்பிடுகிறோம். வல்லா பணிந்து வணங்கிய திருச்சபைக்குச் சாதகமாக இருந்த ஏடு அது என்பதையும் மறந்துவிடலாகாது.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். தமிழ் முஸ்லிம்களில் நாற்பதைக் கடந்த எவரும் கேட்டிராமல் இருக்க முடியாத ஒரு கதை உண்டு. சந்திரனில் முதன்முதலில் கால்பதித்த நீல் ஆம்ஸ்ட்ராங் அங்கே ஓர் ஓசையைக் கேட்டார். பின்னர் கெய்ரோவில் பாங்கொலி கேட்டபோது, சந்திரனில் கேட்டது இதுவே என உணர்ந்து இஸ்லாத்தைத் தழுவினார் என்பது கதை. பயான்களில் கேட்டிருக்கிறோம், சிறு நூல்களில் படித்திருக்கிறோம். இதை ஒரு வியாழக்கிழமை கரும்பலகையில் எழுதி, சரிபார்க்குமாறு மாணவர்களிடம் ஒப்படைத்தோம். நான்கு பேருக்கு ஒரு கைப்பேசி. அதுவும் ஆசிரியர் முன்னிலையில், ஒரு மணி நேரத்துக்கு மட்டும்.

முதலில் எழுந்த கேள்வி இணையத்திலிருந்து வரவில்லை. சந்திரனில் காற்று கிடையாதே, ஓசை எப்படிக் கேட்கும் என்று பள்ளியில் அறிவியல் படிக்கும் ஒரு மாணவர் கேட்டார். இறைவன் நாடினால் கேட்கும் என்றார் மற்றொருவர். சரியான மறுமொழிதான், இறைவனின் ஆற்றலில் யாருக்கும் ஐயமில்லை. நடக்கக்கூடியதா என்பது ஒரு கேள்வி, நடந்தது என்று யார் சொன்னார் என்பது வேறொரு கேள்வி, நாம் இரண்டாவதை விசாரிக்கிறோம் என்று பிரித்துக் காட்டினோம். சொல்லப்போனால், அந்த வகுப்பில் நாம் செய்த ஒரே வேலை அது. எஞ்சியதை அவர்களே செய்தார்கள்.

சங்கிலியை மேல்நோக்கிப் பிடித்துச் சென்றார்கள். தமிழ்ப் பதிவுகள் வேறு பதிவுகளைச் சுட்டின. அவை பெயரற்ற கட்டுரைகளைச் சுட்டின. ஓர் இடத்துக்குமேல் அறிவிப்பாளர் எவரும் இல்லை. ஆம்ஸ்ட்ராங்கின் வாயிலிருந்து வந்த ஒரு சொல்கூட இல்லை. எதிர்த்திசையில் தேடிய குழுவுக்கு வலுவான ஆதாரங்கள் கிடைத்தன. வதந்தி பரவியதால் 1983இல் அமெரிக்க வெளியுறவுத் துறை, ஆம்ஸ்ட்ராங் மதம் மாறவில்லை என்பதைத் தெரிவிக்குமாறு முஸ்லிம் நாடுகளிலுள்ள தன் தூதரகங்களுக்குச் செய்தி அனுப்பியிருந்தது. அவரது ஒப்புதலோடு ஜேம்ஸ் ஹான்சன் எழுதி 2005இல் வெளிவந்த வாழ்க்கை வரலாறும் இதை மறுக்கிறது. நாசாவிலிருந்து விலகிய பிறகு அவர் ஓஹையோ மாநிலத்தில் லெபனான் என்ற ஊரையொட்டிய பண்ணையில் வாழ்ந்தார். அந்தப் பெயரை அரபு நாடான லெபனானாகக் கருதியதும் வதந்திக்கு உரமிட்டிருக்கலாம் என்ற விளக்கமும் உண்டு. இதைப் படித்ததும் வகுப்பில் சிரிப்பெழுந்தது.

சிரிக்காத ஒரு மாணவர் இருந்தார். அவருடைய பாட்டனார் இந்தக் கதையைச் சொல்லித்தான் சிறுவயதில் அவரைப் பஜ்ருக்கு எழுப்புவாராம். இப்போது வீட்டுக்குப் போய் நன்னாவிடம் நான் என்ன சொல்வது, ஹஜ்ரத் என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு நாம் அன்று உடனே விடை சொல்லவில்லை. வகுப்பில் பலரும் பேசினார்கள். சொல்லவே வேண்டாம் என்றார் ஒருவர். நன்னாவுக்குத் தெரியாமல் விட்டுவிடலாம், ஆனால் நாம் மேற்கொண்டு யாருக்கும் அறிவிக்கக் கூடாது என்றார் இன்னொருவர். கேட்டதையெல்லாம் அறிவிப்பதே ஒருவர் பொய்யராவதற்குப் போதும் என்ற கருத்துடைய நபிமொழியை இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்கள் தம் நூலின் முன்னுரையில் கொண்டுவந்திருப்பதை அவர் நினைவூட்டினார். பாங்கு உண்மை என்பதற்குச் சந்திரனின் சாட்சி எதற்கு என்றார் மூன்றாமவர். அந்த மாணவரின் முகம் சற்றே தெளிந்தது. பாட்டனாரிடம் என்ன பேசினார் என்று நாம் இன்றுவரை கேட்கவில்லை. பெரியவர்களிடம் பேசும் அதபை வீட்டார் கற்றுக்கொடுத்திருப்பார்கள்.

இதை நாம் இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2020 மார்ச் மாதம், கொரோனா தொற்று தொடங்கிய வேளையில், டெல்லி நிஜாமுத்தீன் தப்லீக் கூட்டத்தையொட்டி நம் சமூகம் எதிர்கொண்ட நாள்களை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தப்லீக் ஜமாஅத்தைச் சேர்ந்தவர் காவலர்மீது எச்சில் துப்புகிறார் என்று ஒரு காணொளி நாடெங்கும் சுற்றியது. காய்கறி விற்கும் முஸ்லிம்களைத் தெருவுக்குள் விடாமல் திருப்பியனுப்பிய இடங்களும் இருந்தன. ஆல்ட் நியூஸ் உள்ளிட்ட சரிபார்ப்புத் தளங்கள் அந்தக் காணொளியின் மூலத்தைத் தேடிப்போயின. அது அந்த ஆண்டு பிப்ரவரி இறுதியில் மும்பையில், வேறொரு வழக்கின் விசாரணைக் கைதி ஒருவர் காவல் வாகனத்தில் நடத்திய தகராறின் பதிவு. நோய்த்தொற்றுக்கும் ஜமாஅத்துக்கும் அதில் தொடர்பே இல்லை. ஆகஸ்ட் 21 அன்று மும்பை உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, தப்லீக் கூட்டத்தில் கலந்துகொண்ட 29 வெளிநாட்டவர்மீதான வழக்குகளை ரத்து செய்தபோது, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டிருக்க வாய்ப்புண்டு என்று கூறி, ஊடகங்களின் பரப்புரையையும் கண்டித்தது. ஏப்ரலில் பூட்டப்பட்ட மனங்கள் ஆகஸ்டில் எத்தனை திறந்தன என்பது வேறு விவகாரம்.

அந்தக் காணொளியை உடைத்த முறையும், ஆம்ஸ்ட்ராங் கதையை உடைத்த முறையும் ஒன்றே. முதல் பதிவு எங்கே, எந்த நாளில், யார் சொன்னது. நமக்கு எதிரான பொய்யை உடைக்க அந்த முறையைக் கையிலெடுப்போம், நமக்கு இனிக்கும் பொய் வரும்போது கீழே வைத்துவிடுவோம் என்றால், அது விசாரணை ஆகாது, வழக்காடுதல். நம் மாணவர் ஒருவர் நாளை ஒரு பொய்யை மறுத்து எழுதும்போது பிறர் அவரை நம்ப வேண்டுமானால், தமக்குச் சாதகமான பொய்யையும் அவர் மறுத்திருக்கிறார் என்று அவர்கள் கண்டிருக்க வேண்டும்.

2023 அக்டோபருக்குப் பின் இது மிகவும் கடினமாகிவிட்டது. காஸாவின் துயரம் உண்மை. அதைக் காட்ட உண்மைப் படங்களே போதும், போதாக்குறை எதுவும் இல்லை. ஆயினும் சிரியாவில் பல ஆண்டுகளுக்கு முன் எடுத்த படங்களும், ‘ஆர்மா 3’ என்ற கணினி விளையாட்டின் காட்சிகளும் காஸாவின் பெயரால் பகிரப்பட்டன. அந்த விளையாட்டைத் தயாரித்த செக் நாட்டு நிறுவனமே, தன் காட்சிகள் உண்மைப் போர்க்காட்சிகளாகப் பரப்பப்படுவதாக 2022 நவம்பரிலேயே எச்சரித்திருந்தது. நல்ல நோக்கத்தோடு பகிரப்பட்ட ஒரு பொய்ப் படம் அம்பலமாகும்போது, அதன் அருகிலிருக்கும் நூறு உண்மைப் படங்களின்மீதும் ஐயம் படர்கிறது. நூஹ் இப்னு அபீ மர்யமின் கதையை மாணவர்கள் இந்த இடத்தில்தான் முழுமையாகப் புரிந்துகொண்டார்கள்.

வகுப்பு முறையைப் பற்றிச் சிலர் கேட்டிருப்பதால் சுருக்கமாகக் கூறுகிறோம். படத்தைக் கொண்டு படத்தைத் தேடும் வசதியை முதலில் கற்றுக்கொடுக்கிறோம். தேடலில் முதலாவதாக வருவது முதன்மையானது அல்ல என்பதை இரண்டாவதாக. எண்கள் வந்தால் கணக்கிடச் சொல்கிறோம். இப்னு கல்தூன் (ரஹ்) அவர்கள் 1377இல் எழுதிய முகத்திமாவில், பாலைவனத்தில் மூஸா (அலை) அவர்களோடு ஆறு இலட்சம் போர்வீரர்கள் இருந்தனர் என்ற கூற்றை எடுத்து, அத்தனை பேர் எங்கே அணிவகுக்க முடியும் என்று நிலத்தை வைத்தே ஆராய்ந்தார்கள். அதைப் படித்துவிட்டு, ஒரு மாநாட்டில் பத்து இலட்சம் பேர் திரண்டதாக வந்த செய்தியை மாணவர்கள் மைதானத்தின் பரப்பளவைக் கொண்டு வகுத்துப் பார்த்தார்கள். கொடிய காயங்களின் படங்களை வகுப்பில் திறப்பதில்லை. தனிமனிதரின் மானம் சம்பந்தப்பட்டதை உண்மையாயினும் ஆராய்வதில்லை. உண்மையான குறையைப் பேசுவதுதானே புறம், பொய்யாயின் அது அவதூறு.

கரும்பலகையில் மூன்று பத்திகள் வரைந்திருக்கிறோம். உறுதியானவை, பொய்யானவை, நிறுத்திவைக்கப்பட்டவை. மூன்றாவதன் தலைப்பில் மாணவர்கள் ‘தவக்குஃப்’ என்று எழுதியிருக்கிறார்கள். சான்று போதாதபோது தீர்ப்பை ஒத்திவைப்பதற்கு நம் இமாம்கள் வைத்த பெயர். தொடக்கத்தில் அந்தப் பத்தி காலியாகவே இருக்கும். எதையும் உடனே முதல் பத்தியிலோ இரண்டாவதிலோ போட்டுவிட வேண்டும் என்ற அவசரம். இப்போது பெரும்பாலான வரிகள் மூன்றாவதில்தான் சேர்கின்றன. சில வாரக்கணக்கில் அங்கேயே நிற்கின்றன. சென்ற வியாழக்கிழமை அதில் ஏழு வரிகள் இருந்தன. இரண்டை விசாரித்து மாற்றினோம். மூன்றாவது ஒன்றை மாற்றப்போனபோது, அதைக் கொண்டுவந்த மாணவரே எழுந்து, இன்னும் ஒரு வாரம் இருக்கட்டும், மூலத்தை வெளியிட்டவருக்கு எழுதியிருக்கிறேன், பதில் வரவில்லை என்றார். மக்ரிப் பாங்கு சொல்லிவிட்டார்கள். அந்த வரியை அப்படியே விட்டுவிட்டு எழுந்தோம்.